வீடு வாங்க வந்தவர்கள்

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கல்யாணிலிருந்து திரும்பிய என் கணவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் வந்து நின்று ஒரு விளம்பரத் தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஸ்டேஷன் மேம்பாலத்தில் போவோர் வருவோர் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்களாம். தாளில் நான்கு உயரமான கட்டடங்கள், ஒரு நீச்சல் குளம், பலூன் பிடித்துக்கொண்டு ஓடும் ஒரு குழந்தை. அவர் விரல் வைத்துக் காட்டியது இவற்றில் எதையும் அல்ல. மூலையில், மரங்களுக்குப் பின்னால், செங்கல் நிறத்தில் ஒரு புகைபோக்கி இருந்தது.

"இதுதாம்ட்டி எங்க சிம்னி. இன்னும் இடிக்கல" என்றார்.

அவர் பிறந்தது கல்யாணுக்கு அப்பால் ஆற்றங்கரையில் இருந்த ஒரு மில் ஊரில். என் மாமனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அங்கே தறிப் பகுதியில் வேலை பார்த்தவர். என் கணவருக்குப் பதினொரு வயதானபோது மில்லை மூடிவிட்டார்கள். குடும்பம் தாராவிக்கு வந்தது. அவருடைய அக்காவை அந்த வருடமே கல்யாணில் கட்டிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் அந்த ஊருக்குப் போனதே இல்லை. ஆனால் முப்பத்து நான்கு வருடக் குடித்தனத்தில் அந்த ஊரைப் பற்றி அவர் பேசாத வாரமும் இல்லை.

இத்தனைக்கும் அவர் மிகைப்படுத்திப் பேசும் மனிதர் அல்ல. லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தக் கம்பி எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டால் அரைக் கிலோ குறைத்துத்தான் சொல்வார். மில் ஊர் என்று வந்துவிட்டால் மட்டும் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. சிம்னி இருபது மாடி உயரம். கொய்யாப் பழம் ஒவ்வொன்றும் தேங்காய் அளவு. ஒன்பது வயதில் ஆற்றை ஒரே மூச்சில் நீந்திக் கடந்தாராம். நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள் என்பதால், பிள்ளைகள் சொல்லும் கதையில் எது எங்கே மாறுகிறது என்று கவனிப்பது எனக்குப் பழக்கம். எங்கள் மகள் மூன்றாம் வகுப்புப் படித்தபோது நூறு அடி அகலமாக இருந்த அந்த ஆறு, அவளுடைய கல்யாணத்தின்போது முந்நூறு அடி ஆகியிருந்தது.

போய்ப் பார்க்கலாமே என்றால், எல்லாவற்றையும் இடித்திருப்பான் என்பார். என் மதினி, அதாவது அவருடைய அக்கா, அங்கிருந்து அரை மணி நேரத் தொலைவிலேயே ஐம்பது வருடமாக இருக்கிறார். அவரும் போனதில்லை. கேட்டால், "அந்தப் பஞ்சுத் தூசியத் தின்னது போதாதா" என்று பேச்சை முடித்துவிடுவார். இப்போது சிம்னி இருக்கிறது என்று அச்சிலேயே வந்துவிட்டதால் என் கணவருக்குத் தப்பிக்க வழியில்லாமல் போனது. ஞாயிற்றுக்கிழமை போவதென்று முடிவானது.

ஞாயிறு என்பதால் ரயில் பாதையில் பராமரிப்பு வேலை. சயானில் ஏறிய வண்டி தாணேவைத் தாண்டுவதற்குள் என் கணவர் கல்யாணப் பெண்ணின் அப்பா மாதிரி நான்கு முறை எழுந்து எழுந்து உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை கசங்கக் கூடாதென்று முதுகைச் சாய்க்கவே இல்லை. கல்யாண் பிளாட்பாரத்தில் மதினி ஒரு பெரிய துணிப்பையோடு காத்திருந்தார். புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், ஆறு வாழைப்பழம். நாங்கள் மூன்று பேர்தான் என்று நான் சொன்னதற்கு, "போற எடத்துல என்ன கெடைக்கும்னு எனக்குத் தெரியாதா. அங்க ஒண்ணும் கெடைக்காது" என்றார். அங்கே போவதில் தனக்கு ஒரு விருப்பமும் இல்லை, தம்பி விழுந்து கிழுந்து தொலைத்தால் பிடிப்பதற்கு வருகிறேன் என்று ஷேர் ஆட்டோவில் ஏறும்போதும் ஒருமுறை சொன்னார்.

மில் வாசல் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி வைத்த ஒரு பெரிய வளைவு நின்றது. நீலச் சட்டை போட்ட ஒரு இளம் காவலாளி கையை நீட்டி நிறுத்தினார். என் கணவர் தொண்டையைச் சரி செய்துகொண்டு, தன் பம்பாய் ஹிந்தியில், தான் இங்கேதான் பிறந்ததாகவும் ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். காவலாளி மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எந்த டவரில் பிறந்தீர்கள் என்று கேட்டார்.

டவர் எல்லாம் அப்போது இல்லை, மில் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு என்று இவர் விளக்கினார். காவலாளி நோட்டைப் புரட்டிப் பார்த்தார். அதில் பெயர், வண்டி எண், எந்த வீட்டைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று மூன்று கட்டம்தான் இருந்தது. பிறந்தவர்களுக்குக் கட்டம் இல்லை. வீடு வாங்க வந்தவர்களை மட்டும்தான் உள்ளே விடச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். என் கணவர் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். மாமனார் பெயர், தறி நம்பர், மேஸ்திரி பெயர் என்று எல்லாம் சொன்னார். காவலாளிக்கு உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் கையை இறக்கவில்லை.

அப்போது மதினி பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு முன்னால் வந்தார். "ஃபிளாட் தேக்னே கா ஹை" என்றார், வீடு பார்க்க வந்திருக்கிறோம் என்று.

காவலாளி சல்யூட் அடித்தார்.

அடுத்த இரண்டு நிமிடத்தில் நாங்கள் குளிரூட்டிய ஒரு கூடத்தில் மெத்தை நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். கறுப்புக் கோட்டு போட்ட, இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தண்ணீரும் தேநீரும் கொடுத்துவிட்டு, ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு ஹிந்தியில் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். என் கணவர் தரையைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். மதினிதான் பதில் சொன்னார். எத்தனை அறை வேண்டும்? மூன்று. வீட்டில் எத்தனை பேர்? எல்லோரும்தான். எதில் முக்கியமாக விருப்பம்? காற்று. எப்போது குடிவர உத்தேசம்? வரும் மார்ச். கட்டி முடிக்க இன்னும் மூன்று வருடம் ஆகும் என்று அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். மதினி, அவ்வளவு நாள் எல்லாம் பொறுக்க முடியாதே என்று முகத்தைச் சுளித்தார்.

எங்களுக்கென்று பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன வண்டி வந்தது. அந்தப் பெண் ஓட்டுநருக்குப் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்தாள். நாங்கள் பின்னால். என் கணவருக்கு மனசு கேட்கவில்லை.

"அக்கா, பொய் சொல்லி உள்ள வந்துட்டோம். அந்தப் பிள்ள மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்கு."

"நீ பொறந்த எடத்தப் பாக்கதுக்கு நோட்டுல எழுதணுங்கான். அதுக்கு இதுதாம்ல சரி" என்றார் மதினி. பிறகு, இந்த வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு அந்தப் பெண்ணுக்கு வியர்க்காதா, வீட்டில் ஒழுங்காகச் சோறு போடுகிறார்களா, இந்தச் சம்பளத்துக்கு எவ்வளவு நேரம் நிற்க வைக்கிறார்களோ என்று ஒவ்வொன்றாகத் தமிழில் ஆராய ஆரம்பித்தார். நானும் சேர்ந்துகொண்டேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. அந்தப் பெண்ணின் உதட்டுச் சாயம் அவளுக்குப் பொருந்தவில்லை என்று சொன்னது நான்தான்.

சிம்னி ஒரு வட்டப் புல்தரையின் நடுவே, கம்பி வேலிக்குள், விளக்கு எல்லாம் போட்டு நின்றது. என் கணவர் வண்டியிலிருந்து இறங்கி அதன் அடியில் போய் அண்ணாந்து பார்த்தார். லிஃப்ட் வேலை பார்த்தவருக்கு உயரத்தைக் கண்ணாலேயே மாடிக் கணக்கில் அளக்கத் தெரியும். அவர் உதடு அசைந்தது. எண்ணி முடித்ததும் மறுபடியும் எண்ணினார். நான் பக்கத்தில் போய் எத்தனை என்று கேட்டேன்.

"பதினொண்ணு" என்றார். மறுபடியும் உச்சியைப் பார்த்துவிட்டு, "மேல கொஞ்சம் இடிச்சிருக்கானுவ" என்றார்.

"அன்னைக்கும் இம்புட்டுதாம்ல இருந்துச்சு" என்றார் மதினி வண்டியில் இருந்தபடியே.

அங்கிருந்து மாதிரி வீட்டுக்குப் போனோம். வெள்ளை சோபா, கண்ணாடி மேசை, பிளாஸ்டிக் எலுமிச்சம் பழங்கள் நிறைந்த ஒரு கிண்ணம். அந்தப் பெண் சுவர்களையும் ஜன்னல்களையும் காட்டிக்கொண்டிருந்தபோது என் கணவர் ஜன்னல் வழியாகச் சிம்னியையும், அந்தப் பக்கம் தெரிந்த மலையையும் மாறி மாறிப் பார்த்தார். திசையைக் கணக்குப் போட்டுக்கொண்டு கூடத்தின் நடுவில் வந்து நின்றார். எங்கள் லைன் வீடு சரியாக இங்கேதான் இருந்தது என்றார். கண் கலங்கிவிட்டது. மதினியும் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, அவரைத் தோளைப் பிடித்து இரண்டு அடி தள்ளி நிறுத்தினார்.

"நம்ம வீடு அந்தா, அந்த நீச்சல் குளத்துப் பக்கம்லா இருந்துச்சு. இங்க கக்கூசுலே. வரிசையா எட்டு கக்கூசு. நீ நிக்கது நாலாவது."

எங்களுக்கு முதுகைக் காட்டி நின்ற அந்தப் பெண்ணின் தோள் குலுங்கியது. திரும்பியபோது கையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

"ஆன்ட்டி, ப்ளீஸ். இத மட்டும் அடுத்த ஃபேமிலி முன்னாடி சொல்லிராதீங்க" என்றாள் தமிழில்.

என் கணவர் சட்டைப் பொத்தானைத் திருகினார். நான் அவளுடைய உதட்டைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். அவள் காட்கோபரில் பிறந்து வளர்ந்தவளாம். அப்பா தூத்துக்குடிப் பக்கம், மளிகைக் கடை. தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டக்கூட வராது. நாங்கள் வண்டியில் பேசியதை எல்லாம் கேட்டிருக்கிறாள்.

என் கணவர் கையைக் கூப்பாத குறையாக மன்னிப்புக் கேட்டார். அவளோ, "அட விடுங்க அங்கிள். நீங்க வாங்கலன்னாலும் சல்தா ஹை, பரவால்ல. எனக்கு விஸிட்டுக்குத்தான் டார்கெட்டு. சண்டேன்னா இத்தன விஸிட் காட்டணும். இன்னிக்கு காலைலேருந்து ஒரே ஒரு ஃபேமிலிதான் வந்துச்சு" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு உதவி கேட்டாள். சுற்றுப்புறத்து வயல், ஆறு, மலை எல்லாவற்றையும் காட்டிவர ஒரு வேன் உண்டு. குறைந்தது இரண்டு குடும்பமாவது இருந்தால்தான் அதை எடுக்கலாம். அந்த ஒரே ஒரு ஃபேமிலி ஒரு மணி நேரமாகக் காத்திருக்கிறது. நீங்களும் ஏறிக்கொள்கிறீர்களா?

மதினி யோசிக்கவே இல்லை. முதல் ஆளாக வேனில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் குடும்பம் டோம்பிவிலியிலிருந்து வந்த ஒரு மராத்திக்காரத் தம்பதி. கணவருக்கு நாற்பது வயது இருக்கும். வங்கி ஒன்றில் வேலை. எதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் ஆள். மனைவி அதிகம் பேசவில்லை. வேன் ஊரைத் தாண்டி வயல்களுக்கு நடுவே போனதும் வங்கிக்காரர், இந்தப் பக்கம் உங்களுக்குப் பழக்கமா என்று என் கணவரிடம் பொதுவாகக் கேட்டார். அவ்வளவுதான்.

என் கணவர் பேச ஆரம்பித்தார். அவருடைய ஹிந்தி, பழுதான லிஃப்டைப் பற்றிக் கட்டடச் செயலாளர்களிடம் பேசிப் பேசி வந்த ஹிந்தி. அன்றைக்கு அது வேறு மாதிரி இருந்தது. அந்த மலையிலிருந்து இறங்கும் காற்று, மழைக்காலத்தில் வயல் மேல் கிடக்கும் மேகம், கொய்யா, இரண்டு மரத்துக்கு நடுவே வேட்டி கட்டிக் காட்டிய சினிமா, ஆறு. கொய்யா மட்டும் தேங்காய் அளவிலிருந்து பெரிய ஆரஞ்சு அளவுக்குக் குறைந்திருந்தது, அக்கா பக்கத்தில் இருந்ததால். வங்கிக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். மதினி வெளியே பார்த்தபடியே தன் பாட்டுக்குத் தமிழில் குறுக்கிட்டுக்கொண்டிருந்தார்.

"ஆறாம் ஆறு. சாயப் பட்டறைத் தண்ணியப் பூராம் அதுலதான் விடுவானுவ. திங்கக்கெழம செவப்பு, செவ்வாக்கெழம நீலம். இவன் ஒரு நாளு பச்சக் காலோட வீட்டுக்கு வந்தான்."

அம்மா என்ன சொல்கிறார்கள் என்று வங்கிக்காரர் கேட்டார்.

அந்தப் பெண் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. ஆற்றின் நிறம் நாளுக்கு நாள் மாறும், அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று சொல்கிறார்கள் என்று மராத்தியில் மொழிபெயர்த்தாள். மதினிக்கு மராத்தி நன்றாகத் தெரியும். அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார், ஒன்றும் மறுக்கவில்லை. பொய் ஒரு வார்த்தையும் இல்லையே என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

ஆற்றங்கரையில் கட்டடக் கம்பெனி நான்கு பெஞ்சுகளும் ஒரு வரவேற்புப் பலகையும் வைத்திருந்தது. டிசம்பர் வெயிலில் ஆறு அமைதியாக ஓடியது. என் கணவர் நீந்திய கதை இந்த இடத்தில் வந்தே தீரும் என்று எனக்குத் தெரியும். வந்தது. ஒன்பது வயதில், இங்கிருந்து அந்தக் கரைக்கு, ஒரே மூச்சில்.

"எருமை வாலப் பிடிச்சிக்கிட்டுப் போனத நீந்துனேங்கான் பாரு" என்றார் மதினி. "பாதி ஆத்துல வால விட்டுட்டு அலறி, அந்த எருமைக்காரந்தான் தலைமுடியப் பிடிச்சி இழுத்துப் போட்டான். இவனுக்கு இன்னைக்கும் நீச்சல் தெரியாது."

முப்பத்து நான்கு வருடத்தில் எனக்குத் தெரியாத விஷயம் அது. என் கணவரைப் பார்த்தேன். அவர் மறுகரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நூறு அடியும் இல்லை, முந்நூறு அடியும் இல்லை. ஒரு பையன் கல்லெறிந்தால் அந்தக் கரையில் விழும்.

அம்மா என்ன சொல்கிறார்கள் என்று மறுபடியும் கேட்டார் வங்கிக்காரர். அந்தக் காலத்தில் எருமைகளே விரும்பி நீந்தும் ஆறு இது என்கிறார்கள் என்றாள் அந்தப் பெண். அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. பிள்ளைகளுக்கு வாய்மையைப் பற்றிப் பாடம் நடத்தியவள் நான். ஆண்கள் கரையோரம் நடக்கப் போன நேரத்தில் அந்த மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஹிந்தியில் உண்மையைச் சொன்னேன். நாங்கள் வீடு வாங்க வந்தவர்கள் இல்லை. இவர் சொல்வதில் பாதி ஆசையில் சொல்வது. மழைக்காலத்தில் இந்த ஆறு ஊருக்குள் வரும் என்று என் மதினியே சொல்லியிருக்கிறார். எதற்கும் நன்றாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் கணவர் போன திசையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ஒரு அறை, சமையலறை. அதில் நானும் அவரும், மாமியார், கொழுந்தன், கொழுந்தன் மனைவி. பன்னிரண்டு வருடம்" என்றார். "ஆற்றுத் தண்ணீர் வருடத்தில் எத்தனை நாள் வீட்டுக்குள் வரும்?"

இரண்டு மூன்று நாள் வரலாம் என்றேன்.

"வரட்டும்" என்றார்.

நான் எழுந்து வந்துவிட்டேன்.

மதினி பையைத் திறந்து பெஞ்சிலேயே பந்தி வைத்தார். மூன்று பேருக்கு ஆறு பழம் எதற்கு என்று கேட்ட என்னைப் பார்த்துக்கொண்டே ஆளுக்கொரு பழம் கொடுத்தார். புளியோதரையை அந்தக் காட்கோபர்ப் பெண் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு முறை வாங்கித் தின்றாள். வங்கிக்காரர் காரம் தாங்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டே தின்றார். உதட்டுச் சாயத்தைப் பற்றி நான் சொன்னது தப்பு என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். இல்லை ஆன்ட்டி, எங்க அம்மாவும் அதையேதான் சொன்னாங்க என்றாள்.

கை கழுவுவதற்காகக் கரைக்குப் போன மதினி திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்றிருந்தார். முழங்கால் வலி என்று ஒரு மாடிப்படி ஏற மாட்டேன் என்பவர், அந்த வழுக்குக் கல் சரிவில் எப்படி இறங்கினார் என்று தெரியவில்லை. குனிந்து தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, இங்க வாயேன்" என்றார். "எங்காலு தெரியுது பாரு."

தெரிந்தது. மெட்டியும், வெடித்த குதிகாலும், அடியில் கிடந்த கூழாங்கல்லும் தெளிவாகத் தெரிந்தன. பத்து வயதிலிருந்து பதினேழு வயது வரை, வீட்டுத் துணி முழுவதையும் இந்தப் படித்துறையில்தான் துவைத்தாராம். ஒரு நாள்கூடத் தன் காலை இந்தத் தண்ணீரில் பார்த்ததில்லை என்றார். வெள்ளைத் துணி துவைக்க வேண்டும் என்றால் மில் விடுமுறை நாளாகப் பார்த்து ராத்திரியே வாளியில் பிடித்து வைப்பார்களாம். இதையெல்லாம் சாதாரணமாகத்தான் சொன்னார். வேன் ஓட்டுநர் மூன்று முறை ஹாரன் அடித்த பிறகுதான் கரையேறினார். கையைப் பிடித்து ஏற்றியது என் கணவர். அக்காவிடம் எருமையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ரயிலில் திரும்பும்போது என்னிடம் மட்டும், வாலைப் பிடித்திருந்தாலும் காலை அடித்துக்கொண்டுதான் போனேன் என்றார். சரி என்றேன்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். டோம்பிவிலித் தம்பதி வீடு பதிவு செய்துவிட்டார்களாம், மூன்றாவது மாடியில். அங்கிள் அன்றைக்குப் பேசியதுதான் காரணம் என்று வங்கிக்காரரே சொன்னாராம். என் கணவர் அரை நாள் பெருமையாகவும், அரை நாள் அந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கவலையாகவும் இருந்தார். மனைவி சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை.

பேச்சின் நடுவே அந்தப் பெண், ஆன்ட்டி இன்றைக்கும் வந்திருந்தார்கள் என்றாள். எந்த ஆன்ட்டி என்றேன். எங்கள் மதினிதான். நாங்கள் போய் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல் தனியாக ஷேர் ஆட்டோ பிடித்துப் போயிருக்கிறார். ஒவ்வொரு வாரமும் நோட்டில் பெயர் எழுதி, தேநீர் குடித்து, ஒரு மாதிரி வீட்டைக் குறை சொல்லிவிட்டு, வேனில் ஏறி ஆற்றுக்குப் போய்விட்டு வருகிறாராம். இரண்டாவது குடும்பம் இல்லாமல் வேன் நின்ற வாரமே இல்லை என்று அந்தப் பெண்ணுக்கு மகிழ்ச்சி. ஆனால் அவளுடைய மேலாளர் நோட்டைப் பார்த்து, நான்கு வாரமாக விடாமல் வருகிற இந்த அம்மா நிச்சயம் வாங்கப் போகிறார் என்று முடிவு செய்து, இன்றைக்குத் தானே எழுந்து வந்து முந்திரி பிஸ்கட்டோடு பேசியிருக்கிறார்.

உடனே மதினிக்குப் போன் போட்டேன். இது எங்கே போய் முடியும், அந்த மேலாளருக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஆறு மாடிக்கு மேலதான் ஆறு தெரியுதாம்ட்டி" என்றார் மதினி. "அதுக்குக் கீழன்னா எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன்."